கொழுக்கட்டைப் புல், முயல் மசால், வேலிமசால்: மானாவாரிக் காட்டுக்கு எந்த விதை வாங்கலாம்?

அவசரக்காரர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிணற்றுத் தண்ணீர் இல்லாத சரளைக் காட்டில் செம்மறி மேய்க்கப் போகிறீர்கள் என்றால் கொழுக்கட்டைப் புல் விதையும், பயறுவகைத் தீவனச் செடியான முயல் மசால் விதையும் தாராளமாக வாங்கலாம், கொடுக்கிற காசுக்குத் தகும். வேலிமசால் என்கிற பயறுவகைச் செடியும் நல்ல தீவனம்தான், ஆனால் அதை மேய்ச்சல் காட்டுக்கு வாங்காதீர்கள். 'ஆட்டுப் பண்ணைக் கலவை' என்று பளபளவென்று படம் போட்டு ஆன்லைனில் வரும் பாக்கெட்டைத் தொடவே வேண்டாம். அவ்வளவுதான் என் தீர்ப்பு. காரணங்கள் கீழே, கொஞ்சம் நீளமாகவே எழுதியிருக்கிறேன், ஏனென்றால் இந்த விதைகளை வாங்கித் தூவிவிட்டு 'முளைக்கவே இல்லை' என்று வாட்ஸ்அப் குழுக்களில் திட்டுகிற பலருக்கு விதையைக் கையாளும் விதத்தை விற்றவர் யாரும் சொல்லவில்லை, பாக்கெட்டிலும் அது இல்லை.

எங்கள் காடு திருப்பூர் மாவட்டம் மூலனூர் பக்கம். சுக்காங்கல்லும் சரளையும் கலந்த செம்மண், ஒரு சாண் தோண்டினால் கடப்பாரை கணீர் என்கும். வருட மழை 600 மில்லிமீட்டர் வந்தால் நல்ல வருடம், அதிலும் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். மற்ற மாதமெல்லாம் காற்றும் வெயிலும்தான். வளர்ப்பது மேச்சேரி செம்மறி. இதைச் சொல்வதற்குக் காரணம், கறுப்பு மண் காட்டிலோ, வாய்க்கால் பாசனத்திலோ இருப்பவர்களுக்கு நான் சொல்வது அப்படியே பொருந்தாது.

இந்தப் பக்கத்து ஆட்களுக்குக் கொறங்காடு என்றால் விளக்க வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காக: காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம், மூலனூர், கரூர் மாவட்டத்தில் க.பரமத்தி, அரவக்குறிச்சி வரைக்கும் பரந்து கிடக்கிற தனியார் மேய்ச்சல் நிலம் அது. சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, நடுவில் அங்கங்கே வெள்வேல மரம், தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். கடவுப் படலை, அதாவது வேலி வாசலின் தட்டியைச் சாத்திவிட்டால் ஆடு தன்பாட்டுக்கு மேயும், கூடவே கோலோடு ஓர் ஆள் நிற்க வேண்டியதில்லை. காங்கயம் மாடு வளர்ந்ததும் இந்தக் காட்டில்தான். புல், பயறு, மரம், வேலி நான்கும் சேர்ந்தால்தான் அது கொறங்காடு. இந்தக் காலத்தில் பலர் புல்லை மட்டும் 'தீவனம்' என்று எண்ணிக்கொண்டு மற்ற மூன்றையும் விட்டுவிடுகிறார்கள். வெள்வேலங்காய் சித்திரை, வைகாசியில் உதிரும்போது, அதாவது தரையில் பச்சை என்பதே இல்லாத நேரத்தில், ஆடுகள் அந்த மரத்தடியை விட்டு நகராது. அந்தக் காயில் உள்ள புரதத்துக்குக் கடையில் புண்ணாக்கு வாங்கினால் தெரியும் அதன் மதிப்பு.

சரி, விதைக்கு வருவோம்.

கொழுக்கட்டைப் புல்தான் முதுகெலும்பு. இதில் இரண்டு வகை நம் பக்கம் பேச்சில் அடிபடும். ஒன்று நாட்டுக் கொழுக்கட்டை, ராஜஸ்தானில் அஞ்சன் என்பார்களே அதே புல். ஜோத்பூரில் உள்ள மத்திய வறண்ட நில ஆராய்ச்சி நிலையமும் ஜான்சியில் உள்ள இந்தியப் புல்வெளி, தீவன ஆராய்ச்சி நிலையமும் அதில் மார்வார் அஞ்சன், புந்தேல் அஞ்சன் என்று ரகங்கள் வெளியிட்டிருக்கின்றன. இன்னொன்று கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் நீலக் கொழுக்கட்டை, கோ 1. இலையில் ஒரு நீலப் பூச்சு தெரியும், தூர் பெரிதாகக் கட்டும். நான் இரண்டும் போட்டிருக்கிறேன். விளைச்சல் நீலத்தில் கூடுதல், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஆட்டின் வாய் எதைத் தேடுகிறது என்று பார்த்தால் நாட்டுப் புல்லைத்தான், தண்டு மெலிதாக இருப்பதால் அடிவரை கடித்துவிடும். நீலம் முற்றினால் தண்டு விறைத்து நின்றுவிடுகிறது, வெள்ளாட்டுக்கும் மாட்டுக்கும் ஆகும், செம்மறி முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். அறுத்துப் போடுபவர்கள் நீலத்தை வாங்குங்கள், விட்டு மேய்ப்பவர்கள் நாட்டு ரகத்தை வாங்குங்கள், இரண்டும் செய்பவர்கள் பாதிப் பாதி.

விதை எப்படி இருக்கும் தெரியுமா? நெல், கம்பு மாதிரி மணியாக வராது. பஞ்சுப் பஞ்சாக, சுனையோடு, சாக்கைப் பிரித்தாலே பறக்கும். முதல்முறை வாங்குகிறவர் 'என்னங்க இது, குப்பையைக் கட்டிக் கொடுத்திருக்காங்க' என்பார். குப்பை இல்லை, ஒவ்வொரு சுனைக்கட்டுக்குள்ளும் ஒன்றோ இரண்டோ அரிசி ஒளிந்திருக்கும். வாங்கும் இடத்திலேயே ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள். சுனை உதிர்ந்து பழுப்பாக, கேழ்வரகை விடச் சின்னதாக, கடினமாக ஒன்று விரலில் தட்டுப்பட வேண்டும். பத்துச் சுனைக்கட்டு தேய்த்து ஒன்றில் கூட அரிசி இல்லையென்றால் அந்தச் சாக்கு எடை போட்ட பஞ்சுதான், பேசாமல் திரும்பிவிடுங்கள். இந்தச் சோதனையைக் கூச்சப்படாமல் செய்ய வேண்டும். நல்ல விதை வைத்திருப்பவர் ஒன்றும் சொல்ல மாட்டார், அவரே தேய்த்துக் காட்டுவார்.

இன்னொன்று, முளைப்புத் திறன் பற்றி. நெல்லுக்கு 80 சதவீதம் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கொழுக்கட்டை விதை ஏமாற்றமாகத் தெரியும். சான்று விதைக்கே குறைந்தபட்ச முளைப்பு 30 சதவீதம்தான் வைத்திருக்கிறார்கள், அந்தப் புல்லின் இயல்பு அப்படி. ஆகவே நூறு போட்டு முப்பது முளைத்தால் விற்றவரைக் குறை சொல்ல முடியாது. அப்புறம் புது விதை முளைக்காது. அறுவடை செய்து ஆறு முதல் எட்டு மாதம் உறக்கத்தில் இருக்கும், அதன் பிறகுதான் கண் திறக்கும். 'இப்போதுதான் உருவினது, புத்தம் புதுசு' என்று யாராவது கூடுதல் விலை சொன்னால் அந்தப் பட்டத்துக்கு அது உதவாது. அறுவடைத் தேதியைக் கேட்டு வாங்குங்கள். நான் வாங்கியபோது கிலோ ஐந்நூறு ரூபாயைத் தாண்டியிருந்தது, இது வருடத்துக்கு வருடம் ஏறி இறங்கும். ஏக்கருக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ போதும்.

விதைப்பில்தான் பெரும்பாலானோர் விதையைக் கொல்கிறார்கள். ஆழமாகப் போட்டால் வராது, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் மண் மூடக் கூடாது. டிராக்டரில் கல்டிவேட்டர் விட்டு, விதையை வீசி, மறுபடி ஒரு ஓட்டு ஓட்டி மூடுகிறார்கள், அவ்வளவுதான், பாதி விதை நாலு விரல் ஆழத்தில் புதைந்து செத்துவிடும். நான் செய்வது இது: ஆவணியில் ஒருமுறை உழுது போட்டுவிடுவேன். புரட்டாசி மழை ஒன்று விழுந்து களை முளைத்ததும் லேசாகக் கீறி அதை அழித்துவிட்டு, பெருமழைக்கு முன்னால் விதைப்பு. விதையை ஈரச் செம்மண்ணும் சலித்த ஆட்டுப் புழுக்கைத் தூளும் சேர்த்துப் பிசிறிக்கொள்ள வேண்டும், அப்போதுதான் காற்றில் பறக்காது, கையிலும் ஒரே சீராக விழும். வீசியபின் வேலமுள் கிளை ஒன்றை வெட்டி, மேலே ஒரு கல்லைக் கட்டிக் காடெல்லாம் இழுத்தால் போதும், அந்த முள் கீறுகிற ஆழமே சரியான ஆழம். எறும்புப் புற்று இருக்கும் காட்டில் கொஞ்சம் வேப்பங்கொட்டைத் தூளும் சேர்த்துக்கொள்ளுங்கள், எறும்பு இந்த விதையை வரிசை கட்டி இழுத்துப் போகும்.

வரிசை நடவு செய்கிறவர்கள் ஒன்றரை அடிக்கு ஒரு வரிசை வைத்துக்கொள்ளலாம், பல்கலைக்கழகம் சொல்வது 50க்கு 30 சென்டிமீட்டர். பரப்பு பெரிதாக இருந்தால் வீசி விதைப்பதே நடைமுறைக்கு ஆகும். அழகாக இருக்காது, இரண்டாம் வருடம் தானாக நிரப்பிக்கொள்ளும்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு ஐந்து. மழை இல்லாத வருடத்திலும் தூர் சாகாமல் கிடந்து, ஒரு நல்ல மழையில் பத்தே நாளில் பச்சை விடும் புல் வேறெதுவும் எங்கள் காட்டில் நான் பார்க்கவில்லை. ஆஸ்திரேலியாவில் இதே புல்லை மேய்ச்சலுக்குக் கொண்டுபோய், அது கட்டுக்கடங்காமல் பரவி, இன்றைக்கு அங்கே சில பகுதிகளில் களை என்று அறிவிக்கிற அளவுக்குப் போயிருக்கிறது. அங்கே அது தொல்லை, ஏனென்றால் அந்த மண்ணுக்கு அது அந்நியம். இங்கே அது வீட்டுப் பிள்ளை.

அடுத்து முயல் மசால். இது பயறு வகை, அதனால் தழைச்சத்தை வேரிலேயே கட்டிக்கொள்ளும், புல்லுக்கும் பங்கு கொடுக்கும். ஸ்டைலோ என்று கேட்டாலும் கடையில் புரியும். இதிலும் இரண்டு கிடைக்கிறது. ஹமட்டா என்பது தாழ்ந்து படர்வது, ஓரிரு வருடத்தில் செடி முடிந்தாலும் உதிர்ந்த விதையில் மறுபடி வந்துவிடும். ஸ்காப்ரா என்பது குத்தாக நிற்பது, தண்டு கட்டையாகும், பல வருடம் இருக்கும், வறட்சியை இன்னும் நன்றாகத் தாங்கும். செம்மறிக்கு ஹமட்டாதான் என் தேர்வு. ஸ்காப்ராவின் தழை தொட்டாலே பிசுபிசுவென்று ஒட்டும், ஆடு அதை மழைக்காலத்தில் ஏறெடுத்தும் பார்க்காது.

இதைப் பார்த்துத்தான் பலர் 'ஆடு தின்னவே இல்லை, காசு வீண்' என்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். பச்சைப் புல் இருக்கும்வரை எந்த ஆடும் புல்லைத்தான் தேடும், மசாலைத் தேடாது, அது இயற்கை. மார்கழி கழிந்து புல் காய்ந்து வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் பாருங்கள், அதே ஆடு மசால் செடியாகத் தேடித் தேடிக் கடிக்கும். கொழுக்கட்டைப் புல் பூ எடுப்பதற்கு முன் புரதத்தில் தேவலை, முற்றிக் காய்ந்தால் அதில் பாதி கூட இருக்காது, வயிறு நிரம்பும், உடம்பு ஏறாது. அந்த நேரத்துக்குப் பச்சையாகவோ பாதி காய்ந்தோ கையில் இருக்கிற புரதம் இந்த மசால்தான். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இதை விடாமல் வாங்குகிறேன். மாசி, பங்குனியில் ஈனும் ஆட்டுக்கு மடி இறங்க வேண்டுமே.

ஆனால் விதை பிடிவாதம். தோல் கல் மாதிரி. அப்படியே தூவினால் மழை வந்தும் வருடக் கணக்கில் மண்ணில் கிடக்கும். சுடுதண்ணீர் வைத்தியம் கட்டாயம். 80 டிகிரி சூட்டில் நாலைந்து நிமிடம் விட்டு எடுக்க வேண்டும். வீட்டில் வெப்பமானி இல்லையா, மூன்று பங்கு கொதிக்கிற தண்ணீரில் ஒரு பங்கு பச்சைத் தண்ணீர் ஊற்றுங்கள், ஏறத்தாழ அந்தச் சூடு வந்துவிடும். விதையைத் துணியில் முடிந்து அதில் முக்கி, எடுத்து, உடனே பச்சைத் தண்ணீரில் போட்டு ராத்திரி ஊறவிட்டு, காலையில் நிழலில் உலர்த்தி விதைக்கலாம். கந்தக அமிலத்தில் நேர்த்தி செய்கிற முறையும் இருக்கிறது, அது ஆய்வுக்கூடத்து வேலை, வீட்டில் பிள்ளைகள் நடமாடும் இடத்தில் வேண்டாம். நேர்த்தி செய்த விதைக்கும் செய்யாத விதைக்கும் முளைப்பில் உள்ள வித்தியாசத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் ஈரச் சாக்கில் இரண்டு பிடி சுற்றி வைத்துப் பாருங்கள், நான் சொல்ல வேண்டியதே இல்லை.

ஒரு சூட்சுமம்: நேர்த்தி செய்ததையும் செய்யாததையும் கலந்து போடுகிறேன், முக்கால் பங்கு செய்தது, கால் பங்கு செய்யாதது. முதல் மழைக்கு முளைத்தவை இடையில் வெயில் அடித்துக் கருகிவிட்டால், மண்ணில் உறங்கும் கால் பங்கு அடுத்த மழைக்கு வரும். வீசி விதைக்க ஏக்கருக்கு மூன்று, நான்கு கிலோ. அடியுரமாகக் கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட் போடுங்கள், மணிச்சத்து இல்லாத சரளையில் மசால் குன்றிப்போய் நிற்கும். யூரியா மசாலுக்கு வேண்டாம், களைக்குத்தான் போய்ச் சேரும். இதற்கு நான்கு மதிப்பெண். ஒன்று குறைத்தது, முதல் வருடம் காட்டில் இருப்பதே தெரியாத அளவுக்கு மெதுவாக வளர்வதால்.

வேலிமசாலைப் பற்றி அதிகம் எழுத இல்லை. தரமான தீவனம், வயிறு ஊதாது, சவுண்டல் (சூபாபுல்) தழையில் இருக்கிற மைமோசின் என்ற நஞ்சின் பயமும் கிடையாது, குட்டிகள் ஆசையாகத் தின்னும். ஆனால் மானாவாரிச் சரளையில் விட்டு மேய்த்தால் ஆடு நுனியையும் கொழுந்தையும் ஒடித்து ஒடித்துக் குச்சியாக்கிவிடும், திரும்பத் தழைக்க அதற்குத் தண்ணீர் வேண்டும். தொட்டிக்குப் பக்கத்தில், கழுவிய தண்ணீர் ஓடுகிற இடத்தில் ஒரு பத்து சென்ட் போட்டு அறுத்துக் கட்டித் தொங்கவிடுங்கள், அதற்கு அது ராஜா. இதன் விதைக்கும் அதே சுடுதண்ணீர் வைத்தியம் உண்டு.

இப்போது அந்தக் கலவைப் பாக்கெட். ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன், பெயர் வேண்டாம். பாக்கெட்டின் மேல் ஏழெட்டுப் பயிர்ப் பெயர், உள்ளே பிரித்துக் கொட்டி முறத்தில் புடைத்துப் பார்த்தால் பெரும்பகுதி தீவனச் சோளமும் கம்பும், ஒரு கைப்பிடி குதிரை மசால் (லூசர்ன்), மிச்சம் எதுவென்று அடையாளம் தெரியாத பொடி. எடைக்கு எடை பார்த்தால் உள்ளூர் மளிகைக் கடையில் சோளம் வாங்கிய விலையைப் போலப் பல மடங்கு. எதில் எத்தனை சதவீதம் என்றும் இல்லை, முளைப்புத் திறனும் இல்லை, சோதித்த தேதியும் இல்லை. விதை லேபிளில் இந்த விவரங்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். கேட்டுச் செய்தி அனுப்பினேன், பதில் வரவே இல்லை.

காசு போனது கூடப் பரவாயில்லை, ஆபத்து வேறு. குதிரை மசாலுக்குப் பாசனம் வேண்டும், சரளைக் காட்டில் அது ஒரு மாதம் தாங்காது. சோளமோ, முளைத்து மழை தவறி வாடி, பிறகு ஒரு தூறலில் மறு துளிர் விட்டால் அந்தத் தளிரில் சயனைடு நஞ்சு ஏறியிருக்கும். பசியோடு இருக்கும் ஆட்டு மந்தையை அதில் விட்டால் சாயங்காலத்துக்குள் ஆடு விழும். மேய்ச்சல் காட்டில் சோளம் போடவே கூடாது என்று சொல்லவில்லை. கொறங்காட்டைச் சில வருடங்களுக்கு ஒருமுறை உழுது, சோளமோ கொள்ளோ ஒரு வெள்ளாமை எடுத்து, புல்லைப் புதுப்பிக்கிற வழக்கம் இங்கே பழசு. அது வேலியடைத்து, பயிராக வைத்து, தட்டறுத்துப் போடுகிற முறை. ஆடு வாய் வைக்கும் காட்டில் எச்சரிக்கை ஒரு வரி கூட இல்லாமல் சோளத்தைக் கலந்து விற்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை. பூஜ்யம். பயறு வேண்டும் என்றால் நரிப்பயறு அரைக்கிலோ அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கிப் புல்லோடு வீசுங்கள், அது போதும்.

சரி, நல்ல விதை வாங்கியாயிற்று, சரியாக விதைத்தாயிற்று. இதற்கு மேல் பணம் போடப் போவது விதையில் இல்லை, பொறுமையில்தான். முதல் வருடம் ஆட்டை உள்ளே விடாதீர்கள். இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் கார்த்திகையில் பச்சையைப் பார்த்ததும் மனசு கேட்காமல் கடவைத் திறந்துவிடுகிறார்கள். எங்கள் பக்கத்துக் காட்டுப் பெரியவர் சொல்வார், "கண்ணு, மழை பேஞ்ச ஈரத்துல புது புல்லுல ஆட்ட உட்டீன்னா அது மேயாது, புடுங்கும்." நான் நின்று பார்த்திருக்கிறேன், அப்படித்தான். செம்மறி மேல் உதட்டை மடக்கித் தரையோடு தரையாகக் கடித்து வெடுக்கென்று இழுக்கும். தூர் கட்டாத நாற்று வேரோடு வாயில் வந்துவிடும், வேரிலிருந்து மண் உதிரும். விதைத்த புல் பூ எடுத்து, விதை முற்றி, தானாகக் கீழே கொட்டட்டும். தை பிறந்து தரை காய்ந்ததும் காய்ந்த புல்லில் கொஞ்ச நேரம் விடலாம், குளம்பு மிதித்து விதையை மண்ணுக்குள் அமுக்கிவிடும், அது நல்லதுதான்.

இரண்டாம் வருடத்திலிருந்து மேய்க்கலாம், ஆனால் காட்டை ஒரே காடாக வைத்துக்கொண்டு முடியாது. நான்காகவோ ஐந்தாகவோ பிரித்து, மழைக்காலத்தில் ஒரு துண்டில் ஒரு வாரம், அப்புறம் மூன்று நான்கு வாரம் அந்தத் துண்டுக்கு ஓய்வு. புல் நாலு விரல் உயரத்துக்குக் கீழே போகும் முன் ஆட்டை நகர்த்துங்கள். ஒரே இடத்தில் விட்டால் ஆடு கொழுந்து விட்ட தூரையே திரும்பத் திரும்பக் கடிக்கும், பிடித்த புல் செத்து, பிடிக்காத துடைப்பப் புல்லும் பார்த்தீனியமும் இடம் பிடித்துக்கொள்ளும். நல்ல கொறங்காடு பாழானதெல்லாம் இப்படித்தான். வேலிக்காத்தான், அதாவது சீமைக்கருவேலம், அதன் பிறகுதான் வரும். புழுக்கையில் விழும் குடற்புழு முட்டைக்கும் இந்த ஓய்வு ஓரளவு தடை போடும்.

எத்தனை ஆடு என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. என் மண்ணில், நான் பார்த்த மட்டில், ஏக்கருக்கு நாலைந்து தாய் ஆடு தாங்கும், மழை பொய்த்தால் அதுவும் அதிகம். விளம்பரத்தில் ஏக்கருக்கு இருபது, முப்பது என்று சொல்வதெல்லாம் பாசனத்தில் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் அறுத்துப் போடுகிற கொட்டில் கணக்கு, மானாவாரிக்கு அதைக் கொண்டுவராதீர்கள். மார்கழியில் புல் நிற்பதைப் பார்த்து ஆனி வரைக்கும் வருமா என்று கணக்குப் போட்டு, வராது என்று தெரிந்தால் கிடாக்குட்டிகளை அப்போதே கன்னிவாடிச் சந்தைக்கு ஏற்றிவிடுவது மேல். வைகாசியில் எலும்பும் தோலுமாக ஓட்டிப் போனால் கேட்கிற விலைக்குத்தான் கொடுக்க வேண்டும்.

நல்ல புல்லுக்கு ஒரு நோயும் உண்டு, துள்ளுமாரி. மழை பெய்து இளம்புல் திடீரென்று கிடைத்ததும் ஆடு வயிறு முட்ட மேயும், குடலில் இருக்கும் கிருமி பெருகி நஞ்சாகி, நேற்று துள்ளிக்கொண்டிருந்த கொழுத்த குட்டி காலையில் விறைத்துக் கிடக்கும். மந்தையில் நல்லதாகப் பார்த்துத்தான் அது கொண்டுபோகும். மழைக்கு முன்பே கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போட்டுவிடுங்கள், மழைக்குப் பிறகு முதல் சில நாட்கள் காலையில் கொஞ்சம் காய்ந்த தட்டைக் காட்டிவிட்டு அரை வயிறாக அனுப்புங்கள்.

வேலி பற்றிச் சொல்லாமல் இந்த விமர்சனம் முடியாது, ஏனென்றால் விதைக்குச் செலவழித்ததைப் போலப் பல மடங்கு நான் வேலிக்குத்தான் செலவழித்தேன். விதைச் செலவு ஏக்கருக்கு மூவாயிரம், நாலாயிரத்துக்குள் முடிந்துவிடும். கிளுவைப் போத்து (வெட்டிய கிளை) நட்டால் கைச்செலவு குறைவு, ஆனால் அடர்ந்து வர வருடங்கள் ஆகும், இடையில் சந்து விழும். அந்தச் சந்துதான் இப்போது உயிர் போகிற விஷயம். காங்கயம், வெள்ளகோவில் சுற்று வட்டாரத்தில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறிய செய்திகளையும், செத்த ஆடுகளைப் போட்டுக்கொண்டு விவசாயிகள் சாலையில் உட்கார்ந்ததையும் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ராத்திரியும் பகலும் காட்டிலேயே விட்டு வளர்த்த முறை அதனால்தான் ஆட்டம் கண்டுவிட்டது. நான் கிளுவையை அழிக்கவில்லை, அதன் உள்பக்கமாகத் தரையோடு ஒட்டிக் கம்பிவலை அடித்தேன், வலையின் அடி ஓரத்தை மண்ணுக்குள் இறக்கிக் கல் அடுக்கினேன், நாய் மண்ணைத் தோண்டிக்கொண்டுதான் வரும். கம்பிவலைக்காரர்கள் கிளுவையை வெட்டச் சொல்வார்கள், அவர்களுக்கு வேலை சுலபம். சம்மதிக்காதீர்கள். ஆடிக் காற்றை மறித்து, புல்லின் ஈரத்தைக் காப்பது அந்த வேலிதான், கம்பி அதைச் செய்யாது.

வாங்குகிற இடத்தைப் பலர் கேட்பதால்: கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் தீவனப் பயிர்த் துறையில் கோ 1 நீலக் கொழுக்கட்டை, வேலிமசால், முயல் மசால் விதைகளுக்குக் கேட்கலாம், போன் செய்து இருப்பைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. ஆவணியில் தேடினால் தீர்ந்துபோயிருக்கும், சித்திரை, வைகாசியிலேயே வாங்கி வைத்துவிடுங்கள், எப்படியும் உறக்கம் கலைய அந்த விதைக்கு நாள் வேண்டும்.

நாட்டுக் கொழுக்கட்டைக்குக் கடையே வேண்டாம். பழைய கொறங்காடு வைத்திருக்கிற யாரிடமாவது அனுமதி கேட்டு, மார்கழியில் பனி விலகிய பிறகு கதிரை விரலுக்கிடையில் வைத்து மேல்நோக்கி உருவினால், முற்றிய சுனை மட்டும் கையோடு வரும், பச்சை கதிரிலேயே நின்றுவிடும். நிழலில் நாலு நாள் பரப்பி, துணிப்பையில் கட்டி, எலி எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் புழுங்கிப் பூசணம் பிடிக்கும். பையின் மேல் உருவிய மாதத்தை எழுதி வையுங்கள், அடுத்த புரட்டாசிக்கு முன் அதை அவிழ்க்க வேண்டாம்.